பூ இல்லாத கிளை

"திருமதி மெர்ல் டட்டன், கூரடின் வட்டாரத்தின் மூத்த மலர் நேசர். மென்மையான மனமும் எல்லையற்ற பொறுமையும் உடையவர். பூ இல்லாமலே செடியை இனங்காணும் அரிய உள்ளுணர்வு பெற்றவர். அவர் கைபட்டு எந்த உயிரும் வாடியதில்லை."

ஊர் மன்றக் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இது தொங்குகிறது. மலர் சங்கத்தின் செயலாளர் க்வெண்டா எழுதியது. கூட்டங்களில் மெர்ல் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்.

மற்ற நேரங்களில் அவரைத் தார்ச்சாலை ஓரத்தில் பார்க்கலாம். முழங்கால் சரளையில், பிட்டம் வானத்தில், கழுத்துக் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி ஒரு கண்ணில். கோதுமை லாரிகள் ஒலிப்பானை அழுத்திவிட்டு விலகிப் போகும். மென்மையான மனம் என்று சொல்லப்பட்டது அப்போது கட்டைவிரல் நகத்தால் ஒரு பூவை இதழ் இதழாகக் கிழித்துக்கொண்டிருக்கும். க்வெண்டா ஒருமுறை முகம் சுளித்தாள். மெர்ல் நிமிராமலே சொன்னார்: "பிய்க்காம உள்ள எப்படிப் பாக்கறது? வயித்தைத் தட்டிப் பாத்தே குடலைச் சொல்ற டாக்டர்கிட்ட நீ போவியா?"

மலர் நேசரின் வீட்டில் பூச்சாடி கிடையாது. அவர் செடிகளின் பெயர்களைக் கற்றது பகைவனின் பெயர் தெரியாமல் சண்டை போட முடியாது என்பதற்காக. இந்தப் பக்கத்தில் பட்டாணிக் குடும்பத்துப் புதர் ஒன்று உண்டு. ஊரில் அதற்கு "விஷம்" என்றே பெயர். கங்காரு அதைத் தின்றுவிட்டுத் துள்ளிப் போகும். ஆடு தின்றால் போயிற்று. மண்ணின் பிள்ளைக்குச் சோறு, வந்தேறிக்கு நஞ்சு. மெர்ல் இதில் நீதி எதையும் தேடவில்லை. அவர் ஆடு வளர்ப்பவர். ஒரு காட்டுத்தீக்குப் பிறகு துளிர்த்த புதரில் குட்டிகளோடு ஒரு மந்தையைப் பறிகொடுத்த ஆண்டில்தான் செடிகளை இனங்காணும் கையேடு வாங்கினார். படிக்கப் படிக்க, தன் குடும்பம் இரண்டு தலைமுறையாக வேரோடு தோண்டி எரித்த புதர்களில் பாதிக்கு மேல் நிரபராதிகள் என்று தெரிந்தது. அதற்காக அவர் வருந்தியதாகத் தகவல் இல்லை.

அந்தக் கையேட்டில் திறவுகோல் என்பது இரண்டிரண்டு கேள்வியாகப் போகும் பாதை. இலை எதிரெதிராகவா, மாறி மாறியா? பூவின் அடியிலுள்ள புல்லிவட்டத்தில் மயிர் உண்டா, இல்லையா? ஒவ்வொரு பதிலும் பாதை பிரியும் அடுத்த கவைக்கு அனுப்பும். கடைசிக் கவையில் பெயர் காத்திருக்கும். சங்கத்தார் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முதலில் வண்ணப்படத்தைப் பார்த்து மனசுக்குள் தாலி கட்டிவிடுவார்கள். பிறகு திறவுகோலைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவார்கள். மெர்ல் தன் கையேட்டின் படப் பக்கங்களை மட்டும் வைக்கோல் கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவைத்திருக்கிறார்.

"எந்த ஊருக்குப் போகணும்னு முடிவு பண்ணிட்டு வழி கேக்கிறவனுக்கு வழி எதுக்கு?" என்பார்.

இத்தனை கறாரானவரிடம் விதிவிலக்காக ஒரு கிழட்டு ஆடு இருந்தது. தாய் செத்துப்போனதால் சமையலறை அடுப்போரத்தில் புட்டிப்பால் குடித்து வளர்ந்தது, பெயர் பிஸ்கட். பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினால் எங்கிருந்தாலும் ஓடிவரும். பின்னங்கால்கள் இரண்டும் தனித்தனியாக முடிவெடுத்தது போன்ற ஓட்டம்.

"எந்த ஆட்டுக்கும் ஒரு வேலை இருக்கணும். இவளுக்குத் திங்கறதுதான் வேலை" என்று திட்டிக்கொண்டே, தேநீரில் தொட்ட பாதியை மெர்ல் அதன் வாயில் வைப்பார்.

மழை பொய்த்து மூன்றாம் வருஷம், பக்கத்துப் பண்ணை கிளெம் ராட்போன் தொப்பி நிறையத் தழையோடு வந்தார். அவருடைய நிலத்தின் கோடியில் அவர் பாட்டனார் வேலி போட்டு மூடிய காட்டுத்துண்டு ஒன்று இருக்கிறது. ஏன் மூடினார் என்று யாருக்கும் நினைவில்லை. சுற்றிலும் புழுதி, அதற்குள் மட்டும் இடுப்பளவு பச்சை.

"இது அதுவா, இல்லையா?"

"பூ எங்க?"

"மழையே இல்ல. பூவுக்கு நான் எங்க போவேன்?"

"காயாவது?"

"மெர்ல், என் ஆடுங்க ஒண்ணோட ரோமத்தை ஒண்ணு கடிச்சுத் திங்குது. நீ காய் கேக்கற."

மெர்ல் மேசையில் தழையைப் பரப்பிக் கவை கவையாக இறங்கினார். புல்லிவட்டம் வந்த இடத்தில் பாதை நின்றுபோனது.

"வெறும் இலையில ரெண்டு பேர் வருது. ஒண்ணு தீவனம். இன்னொண்ணு எமன்."

"தீவனம்னுதான் சொல்லேன்."

"நான் சொன்னா ஆயிடுமா?"

"நீ சொன்னாலும் சொல்லாட்டியும் நாளைக்குக் காலையில வேலிக் கதவைத் திறக்கத்தான் போறேன். கையில வேற ஒண்ணுமில்ல. சொன்னா, இன்னிக்கு ஒரு நாள் தூங்குவேன்."

கிளெம் தழையை விட்டுவிட்டு வெறும் தொப்பியோடு போனார். மெர்ல் க்வெண்டாவுக்குத் தொலைபேசியில் இலையை விவரித்தார். க்வெண்டா படத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "தீவனச் செடி மாதிரியேதான் இருக்கு மெர்ல். நுனியில பள்ளம்கூட அப்படியே. பாவம் கிளெம், சொல்லிடுங்களேன்." நகரத்து ஆய்வகத்தில், பூவோடு அனுப்பச் சொன்னார்கள், இலையை மட்டும் சோதிக்க வாரக்கணக்கில் ஆகுமாம்.

திறவுகோலில் இல்லாத, ஆனால் இந்த ஊரில் ஆடு வளர்த்த எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. விஷம் தின்ற ஆடு நின்றால் நிற்கும், படுத்தால் அசைபோடும், ஓட வைத்தால்தான் விழும். அதனால்தான் மந்தைகள் மேய்ந்த இடத்தில் சாவதில்லை, வீட்டுக்கு ஓட்டிவரும் வழியில் சாகின்றன.

பொழுது சாயும் வேளையில் மெர்ல் கிளெமைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கதவைத் திறக்காதே."

"பூ கிடைச்சுதா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரியும், கிளெம்."

கிளெம் திறக்கவில்லை. மறுநாள் காலை அவருடைய ஆட்டுப்பட்டிப் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், மதியம் தாண்டியும் கேட்டது. இப்போது மெர்லைக் கண்டால் தொப்பியைத் தொடுவார், வாய் திறக்கமாட்டார். நன்றி சொல்வதா, வைவதா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த ஆண்டு மழை வந்தது. வேலிக்குள் அந்தப் புதர் ஆரஞ்சும் சிவப்புமாகப் பூத்துத் தள்ளியது. க்வெண்டா பூவைப் பறித்துத் திறவுகோலில் கடைசிக் கவைவரை போனாள், விஷம்தான். படம் காட்டிய ஊர் தப்பு, மெர்ல் சொன்ன ஊர் சரி என்றானதும் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த உருக்கத்தில் எழுதியதுதான் சுவரில் தொங்குவது.

உள்ளுணர்வு எதுவும் இல்லை. அன்று கிளெம் விட்டுப்போன தழையில் ஒரு துணுக்கைச் செய்தித்தாளுக்குள் அழுத்திவைத்துவிட்டு, மிச்சத்தை மெர்ல் பிஸ்கட்டுக்கு ஊட்டினார். அது படுத்து அசைபோட்டது. வெயில் இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, புல்வெளியின் மறுகோடிக்கு நடந்துபோய், டப்பாவைக் குலுக்கினார்.