ரோஸி பாடிய தட்டு

1943-இல் பூந்தமல்லி பிரகாசத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாண வீடுகளுக்குக் கிராமபோன் பெட்டி வாடகைக்கு விடுவது தொழில். பெட்டியைத் தூக்கிச் செல்ல, சாவி கொடுக்கத் துலுக்கானம் என்ற கூட்டாளி இருந்தார்.

அதற்கு முன் பிரகாசம் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். மனைவி ரோஸி பாடுவாள். 1925-இல் இருவரும் பட்டணம் போய் ஒரே ஒரு இசைத்தட்டுக்குப் பாடி வாசித்துக் கொடுத்தார்கள். ஏரி நிரம்பியதைக் கொண்டாடும் நாடகப் பாட்டு. இரண்டாவது அடியில் பிரகாசத்தின் விரல் தவறியது. அவர் வந்து சேரும்வரை ரோஸி ஓரெழுத்தை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தாள். பாட்டு முடிந்ததும் அக்கால வழக்கப்படி, “பூந்தமல்லி ரோஸி” என்று தன் பெயரைச் சொன்னாள்.

மறுவருஷம் வாந்திபேதி அவளைக் கொண்டுபோனது. அவளுக்குப் போட்டோ கிடையாது. கம்பெனியும் அந்தத் தட்டை அச்சடிப்பதை நிறுத்திவிட்டது. பிரகாசத்திடம் இருந்த ஒரு பிரதிதான் மிச்சம்.

யுத்தத்துக்குச் சற்று முன் அதே பாட்டை ஒரு சினிமாப் பாடகி வயலின், கிளாரினெட் சகிதம் புதுத் தட்டில் பாடினாள். ரோஸி காத்திருந்த இடத்தில் அவளும் இழுத்தாள். கூடவே குரலில் மூன்று சுழிப்பு. ஆவடியில் போட்டிக்குப் பெட்டி வைத்திருந்தவர் அதைப் போட, ஜனங்கள் அந்த இடத்துக்கே கைதட்டினார்கள்.

“இன்னா சங்கதி அண்ணாத்தே!” என்றார் துலுக்கானம்.

“சங்கதியாவது! நான் கட்டைய மாத்தி அமுக்கிட்டேன், அவ எனக்காவ நின்னா. இந்தம்மா யாருக்காவ நிக்குது?”

“யாருக்கோ நிக்கட்டும். ஜனம் அதத்தான் கேக்குது. நீ பழச கட்டிக்கினு அழுவு, நான் ஊட்ல உலைக்கு இன்னாத்த போடறது?”

கல்யாணங்கள் ஒவ்வொன்றாக ஆவடிக்காரர் பக்கம் போயின. அந்தப் புதுத் தட்டை வாங்கப் பிரகாசம் சம்மதிக்கவில்லை. மாசி மாதம் மலேரியாவில் படுத்தபோதுதான் இறங்கி வந்தார்.

யுத்தத்தில், தட்டு செய்யும் அரக்குக்குத் தட்டுப்பாடு. பழைய தட்டைக் கொடுத்தால்தான் பட்டணத்துச் சைனா பஜார் கடையில் புதுத் தட்டு தருவார்கள். உடைந்திருந்தாலும் போதும்.

“அந்தச் சாக்குல ஒடஞ்சது கீது. எத்துக்கினு போ,” என்றார் பிரகாசம்.

கல்யாண வீட்டில் பெட்டியைத் திறந்தால் வந்தவர்கள் கைவிட்டுத் தட்டுகளைப் புரட்டுவார்கள். அதற்குப் பயந்து, ரோஸியின் தட்டை அவர் செய்தித்தாளில் சுற்றி உடைசல் சாக்கின் நடுவில் ஒளித்து வைத்திருந்தார். துலுக்கானத்திடமும் சொல்லவில்லை, யாராவது கெஞ்சிக் கேட்டால் எடுத்துப் போட்டுவிடுவான் என்று பயம். இப்போது ஜுர வேகத்தில் அவருக்கே அது நினைவில் இல்லை.

துலுக்கானம் சாயங்காலம் புதுத் தட்டோடு சந்தோஷமாக வந்தார்.

“கெட்ச்சிட்ச்சி அண்ணாத்தே! தராசுல போட்டான், சுத்தியால ஒரே அடி. தூளாக்குனாத்தான் மூட்டைல அடங்குமாம். பேப்பர் சுத்தினது ஒண்ணு மட்டும் கீறல்கூட இல்லாம இருந்திச்சி. இத்த இன்னாத்துக்குக் கொண்ணாந்தேனு சிரிச்சான்.”

பிரகாசம் பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

“நீ இன்னா சொன்ன?”

“எங்க அண்ணாத்தே குடுத்தா சரியாத்தான் இருக்கும்னேன்.” அவர் முகத்தைப் பார்த்ததும் துலுக்கானத்தின் குரல் இறங்கியது. “எனக்கு எழுத்துத் தெரியாதே. எல்லாம் கறுப்பாத்தான கீது.”

மறுநாள் காலையில் போர்வையோடு பஸ் ஏறி பிரகாசம் சைனா பஜார் போனார். கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். பல ஊர்களிலிருந்து வந்த தட்டுகளின் சில்லு, எல்லாம் ஒரே நிறம். லேபிள் ஒட்டிய துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார். ரோஸி பெயர் எதிலும் இல்லை. இன்னும் நான்கு மூட்டைகள் விடியற்காலையிலேயே ரயிலுக்குப் போய்விட்டன என்றார் கடைக்காரர்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே குளிர்ஜுரம் ஏறியது. துலுக்கானம்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டில் கல்யாணம். துலுக்கானம் தனியாகப் பெட்டியைக் கொண்டுபோனார். புதுத் தட்டை மூன்று முறை போடச் சொன்னார்கள்.