என் கைக்கு மட்டும்

முதலில் காட்டிக்கொடுத்தது தேநீர்க் கோப்பைதான். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகையில் வலது முழங்கையின் வெளிப்புற எலும்பில் சுரீரென்றது. தேநீர் மடியில் கொட்டியது. பிறகு ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. பூட்டில் திறப்பைத் திருப்ப முடியவில்லை. சும்மா இருந்தால் ஒன்றுமில்லை, எதையாவது இறுக்கிப் பிடித்தால் உயிர் போகும். நெடுந்தீவில் இதெல்லாம் சுளுக்குத்தான். கணவர் எண்ணெய் போட்டு உருவினார். உருவ உருவ நோவு கூடியதுதான் மிச்சம்.

படகேறிப் போய் வைத்தியரிடம் காட்டினேன். அந்த எலும்பில் விரலை வைத்து அமத்தினார். துள்ளிவிட்டேன். பிறகு என் புறங்கையை அமத்திப் பிடித்துக்கொண்டு, “மணிக்கட்டை மேலை தூக்குங்கோ பாப்பம்” என்றார். அதே இடம், அதே நோவு.

“மூட்டிலை பிழையில்லை அம்மா. தசையை எலும்போடை பிடிச்சு வைச்சிருக்கிற நாண்தான் பழுது. என்ன வேலை செய்யிறனீங்கள்?”

“மாடு கறக்கிறனான்.”

“கொஞ்ச மாதத்துக்கு அதை விடுங்கோ. இல்லாட்டி இந்தக் கையாலை ஒண்டும் ஏலாது.”

விடுவதா? எங்கள் பசு என்னைத் தவிர வேறு யாரையும் மடியில் கைவைக்க விடாது. அதை ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். கறக்காமல் விட்டால் மடி வீங்கிக் காய்ச்சல் கண்டுவிடும். மாட்டைத்தான் கட்டிப்போட்டிருக்கிறோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேனே! கட்டுண்டு கிடந்தது நான்தான்.

மறுநாள் விடிய, கணவர் என் பழைய நைற்றியைப் போட்டுக்கொண்டு பால் செம்போடு பட்டிக்குப் போனார். என் மணத்துக்கு மாடு ஏமாறுமாம். பசு திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தது. அடுத்த கணம் செம்பு கல்வேலிக்கு அப்பால் கிடந்தது. அவர் சாணத்தில் கிடந்தார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

“உந்த மாட்டை வித்துப்போடுவமப்பா” என்றார்.

“வாங்கிறவனுக்கும் நைற்றி குடுத்தெல்லோ அனுப்பவேணும்.”

அன்றிலிருந்து செம்பை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இடக்கையால் கறக்கிறேன். முதலில் பால் நிலத்துக்குத்தான் போனது. பசு பொறுத்துக்கொண்டது. வலக்கையும் மெல்ல மெல்லத் தேறியது. “பாத்தீரே, நீர் கெட்டிக்காரி” என்று கணவர் சந்தோசப்பட்டார்.

நேற்று அடுப்பிலிருந்து கறிச்சட்டியை இறக்கும்போது இடது முழங்கையில் சுரீரென்றது. எலும்பில் விரலை வைத்து அமத்திப் பார்த்தேன். வைத்தியரிடம் போய்க் கேட்கத் தேவையில்லை. கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. பட்டியில் பசு கத்தியது. செம்பை எடுத்துக்கொண்டு போனேன்.