இரண்டு சக்கரமும் ஒரே பக்கம்

கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைப் பல் வரிசையின் மேல் மெல்ல ஓட்டிப் பார்க்கிறார். பாதி வழியில் விரல் நிற்கிறது. "இங்க ஒண்ணு உரசுது" என்கிறார். பொய்ப்பல் செய்கிறவருக்கு இது அன்றாடப் பழக்கம்தான். ஆனால் இன்று மடியில் இருப்பது யாருடைய வாய்க்குள்ளும் போகிற பல் இல்லை. காரின் பின் அச்சிலிருந்து கழற்றிய, சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள இரும்புப் பற்சக்கரம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எங்களுக்கெல்லாம் அவர் 'பல்லக்கா'. வயது ஐம்பத்து மூன்று. பல் மருத்துவமனைகளுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் முப்பது வருட வேலை. பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். நான் மூன்றாவது மாடிக்குக் குடிவந்த புதிதில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இடது பக்கமாவே மெல்லுறீங்களே, வலது பக்கம் என்ன ஆச்சு?" அன்றிலிருந்து அவரைக் கண்டால் வலது பக்கமும் மெல்லுகிறேன்.

அவருடைய கார் சிவப்பு. இரண்டே இருக்கை. முப்பத்தைந்து வயதான ஸ்போர்ட்ஸ் கார். பழைய முதலாளி ஓய்வுபெற்றபோது, தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைக் காட்டி, "ஓட வைக்க முடிஞ்சா எடுத்துக்கோ" என்றாராம். ஓட வைத்துவிட்டார். ஏற வைப்பதுதான் பெரும்பாடு. அடித்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவு நடுவில் ஒரு வளைவு வளைகிறது. மழையில் தரை நனைந்துவிட்டால், அந்த வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் மட்டும் விர்ரென்று சும்மா சுற்றும். மற்றது நகராது. நாலைந்து பேர் இறங்கிப் போய்த் தள்ளுவோம். மேலே போனதும் நிறுத்திவிட்டு இறங்கி வருவார், கையில் துவைத்து மடித்த பழந்துணிக் கட்டு. "கையைத் துடைச்சுக்கோங்க, நல்லா இருப்பீங்க" என்று ஆளுக்கொன்று தருவார். அந்தக் கட்டு இல்லாமல் அவர் வண்டியை எடுத்து நான் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. பின்னால் பதினான்கு வண்டிகள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தாம்தூம் என்று குதித்தார். அடுத்த கூட்டத்தில், "இன்னொரு தடவை மாட்டிச்சுன்னா அந்த வண்டி இங்க நிக்கக் கூடாது" என்று எழுதியே வாசித்துவிட்டார். பல்லக்கா எழுந்தார். "இன்னொரு தடவை ஏறலேன்னா நானே இரும்புக் கடைக்கு ஓட்டிட்டுப் போயிடறேன்." "ஏறாத வண்டியை எப்படிக்கா ஓட்டிட்டுப் போவீங்க?" என்று யாரோ கேட்க, கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். ஆனால் சொன்னால் சொன்னபடி செய்கிறவர் என்பதும், வண்டியை நிறுத்த அவருக்கு வேறு இடமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். லிஃப்டில் இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "அந்த மனுஷன் அவ்வளவு கத்தினாரே, ஒரு எழுத்தாவது குழறிச்சா? அவருக்குப் பல்லு செஞ்சது நான்தான்."

சக்கரங்களுக்கு நடுவே இருந்து பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை மாற்றுவது என்று முடிவு செய்தார். எனக்குப் புரிய வேண்டுமே என்று இப்படி விளக்கினார்: "பழசுல எந்தச் சக்கரம் வேலை செய்யாம சும்மா சுத்துதோ, அதுக்கே எல்லாம் போயிடும். வீட்டுல சும்மா கத்துறவனுக்கே எல்லாம் கிடைக்கிற மாதிரி. புதுசுக்குள்ள அடுக்கடுக்கா தட்டு இருக்கு. ஒரு சக்கரம் வழுக்கினா தட்டெல்லாம் இறுக்கிப் பிடிச்சுக்கும். மத்ததுக்கும் பலம் போகும்." 'புதுசு' என்று அவர் சொன்னது, உடைத்துப் போட்ட ஒரு பெரிய காரிலிருந்து தேடிப் பிடித்தது. அவர் கைக்கு வந்தபின் அது புதுசுதான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பழையதை இறக்கி, அதன் பற்சக்கரத்தைப் புதியதில் பூட்டி, உள்ளே ஏற்றினார். பொய்ப்பல் பொருந்துகிறதா என்று பார்க்க, நீல மை பூசிய தாளைக் கடிக்கச் சொல்வார்கள். இவர் இரும்புப் பற்களில் நீலப் பசையைப் பூசிச் சுற்றிப் பார்த்தார். தேய்ந்த அடையாளம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தது. காகிதக் கனமுள்ள ஒரு வளையத்தை மாற்றி வைத்து மறுபடி பூட்டினார். மறுபடி ஓரம். மறுபடி கழற்றினார். எதிர்வீட்டு மெக்கானிக் பொறுக்காமல், "விடுங்கக்கா, லேசா ஊளைச் சத்தம் வரும், ரேடியோவைப் போட்டுக்கோங்க" என்றார். பல்லக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பல்லு கடிக்குதுன்னு வர்றவங்க வாயில ரேடியோவா வைக்க முடியும்?"

டார்ச் பிடிப்பது கணவரின் வேலை. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர், அதிர்ந்து பேசமாட்டார். மூன்றாவது ஞாயிறு மதியம் நீலத்தின் நடுவில், நகத்தின் அளவுக்குப் பளிச்சென்று அடையாளம் விழுந்தது. எல்லாவற்றையும் மூடி, தட்டுகளுக்கென்றே உள்ள ஆயிலை ஊற்றி, பின்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்படி வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். பல்லக்கா ஒரு பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். பழைய டிஃபரன்ஷியலில் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும்.

"ஏங்க, உங்க பக்கம் எப்படிச் சுத்துது?"

"உன் பக்கம் மாதிரியேதான்!" கணவரின் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்து, "இருபத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே பக்கம் சுத்தறோம்" என்றார். மறுநாள் லிஃப்டில் ஏறினவர்கள் இறங்கினவர்கள் எல்லோரிடமும், "வீட்டுல தனியாவே இறக்கி ஏத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டார்ச்சைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வியாழக்கிழமை காலையில் மழை கொட்டியது. செயலாளர் குடையோடு வளைவில் நின்றிருந்தார். பழக்க தோஷம், நாங்கள் நாலு பேரும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டோம். கணவரும் வந்தார். சிவப்பு வண்டி வளைவுக்கு வந்தது. உள்பக்கச் சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. அந்தப் பழைய விர்ரென்ற சத்தம் கிளம்பவும் தள்ளுவதற்கு ஓடினோம். அடுத்த நொடி இரண்டு சக்கரமும் தரையைப் பிடித்தன. எங்கள் கால்களில் சேற்றைத் தெளித்துவிட்டு வண்டி ஒரே மூச்சில் மேலே போய் நின்றது. ஊளைச் சத்தமே இல்லை. தள்ளாமலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஏதோ நானே செய்து முடித்ததுபோல அப்படி ஒரு பெருமை. செயலாளர் தன்னை மறந்து, பல்வரிசை முழுக்கத் தெரியச் சிரித்தார்.

பல்லக்கா இறங்கி வந்தார், கையில் அதே துணிக் கட்டு. நாங்களும் வழக்கம்போலக் கையை நீட்டினோம். ஒவ்வொரு கையாகப் பார்த்தார். ஒன்றிலும் அழுக்கில்லை. கட்டை அவிழ்க்காமல் அப்படியே கணவரின் கையில் வைத்தார்.

"வீட்டுல தரை துடைக்க ஆகும்."