அப்பா சுடா மாத்தி

பினாங்கு குவீன் ஸ்திரீட்டில் எங்கள் வீட்டு மரப்படிக்கட்டு ஒவ்வொருவர் காலுக்கும் ஒவ்வொரு விதமாக முனகும். கீழே துணிக்கடை, மேலே நாங்கள், நடுவே அந்த இருட்டுப் படி. பக்கத்து மில்லில் அரைபடும் மிளகாயின் நெடியில் தும்மிக்கொண்டே அந்த முனகலை நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் சிறுவயதுப் பயங்கள் எல்லாம் அந்தப் படி வழியாகத்தான் மேலே ஏறி வந்தன. பள்ளி விட்டு வரும் வழியில் சாக்கடையில் ஒரு செருப்பைத் தவறவிட்டேன் என்றால், நான் நொண்டியடித்து வீடு சேர்வதற்குள், "உங்க மவன் ஒத்தச் செருப்போட வரான்" என்ற செய்தி முன்னால் வந்து, அம்மா கையால் கோப்பியும் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போயிருக்கும்.

இதற்கு அம்மா வைத்திருந்த பெயர் "தெருக்கண்ணு". தமிழ்ப் பள்ளியில் ஒரு முறை 'நகரத்தில் குடும்ப வாழ்வின் நன்மை தீமைகள்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நன்மைகளை எழுதச் சொன்னால் நான் வாத்தியாருக்குப் பயந்து எழுதிவிடுவேன். வீட்டுச் சாவி நகைக்கடை மாணிக்கம் அண்ணனின் கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும், அம்மா வெள்ளிக்கிழமை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பினால் என்னை எந்த வீட்டு வாசலிலும் இறக்கிவிட்டுப் போகலாம், எனக்குக் காய்ச்சல் என்றால் யார் யார் வீட்டு ரசமோ படியேறி வரும். ஆனால் தீமைகளை எழுத உட்கார்ந்தபோது, எழுதியதை யாராவது படித்து அம்மாவிடம் சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் ஒன்றுமே எழுதாமல் கொடுத்தேன். 'இந்த மாணவன் வாழ்க்கையில் திருப்தி உடையவன்' என்று நினைத்தாரோ என்னவோ, வாத்தியார் அடிக்கவில்லை.

அப்பா துறைமுகத்தருகே ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பினாங்குக்கும் அக்கரைக்கும் பாலம் வராத காலம் அது. படகை விட்டால் வேறு வழியில்லை. திடீரென்று ஒருநாள் அவரை அக்கரையில், பட்டர்வொர்த் கிட்டங்கி ஆபீசுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வீட்டில் அன்று முழுக்க ஒரே சொல்தான் ஒலித்தது. "மாத்திட்டாங்களாம்." "யாரக் கேட்டு மாத்துனாங்க?" "மாத்துறதுக்கு யாரக் கேக்கணும்? மாத்தியாச்சு." எனக்கு ஒன்பது வயது. இந்தச் சொல்லில் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. கிடைத்த முதல் ஆளிடம் இதைச் சொல்லிப் பெரிய மனிதனாகிவிட வேண்டும் என்றும் தோன்றியது.

மறுநாள் காலை கிடைத்த முதல் ஆள் முச்சந்திக் கோப்பிக்கடைச் சீன முதலாளி ஆ செங் தவுக்கே. அப்பா தினமும் அவர் கடையில்தான் கோப்பி குடித்துவிட்டு ஆபீசுக்குப் போவார். அன்று விடியும் முன்பே படகேறப் போய்விட்டதால் அவரைக் காணோம். பள்ளிப் பையோடு போன என்னை நிறுத்தி, "அப்பா எங்கே?" என்று மலாயில் கேட்டார் தவுக்கே.

என் மலாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 'சுடா' என்றால் மலாயில் 'ஆகிவிட்டது', 'முடிந்துவிட்டது' என்று பொருள். எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு முன்னாலும் ஒரு 'சுடா'வைப் போட்டுவிட்டால் அது மலாயாகிவிடும் என்பது நானே கண்டுபிடித்து நானே பின்பற்றிவந்த இலக்கணம். ஆகவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அப்பா சுடா மாத்தி."

மலாயில் 'மத்தி' என்றால் செத்துப்போவது. சீனருடைய காதுக்குக் குறில் நெடில் என்ன கணக்கு?

தவுக்கேயின் கையிலிருந்த கோப்பிச் சல்லடை அப்படியே நின்றது. எப்போது என்று கேட்டார். நேற்று என்றேன். அவர் கண் கலங்கியது. என் தலையைத் தடவி, காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். வேலை மாறியதற்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்து, ரொட்டியைத் தின்றுகொண்டே பள்ளிக்குப் போனேன். அப்பாவை இன்னும் நான்கைந்து இடத்துக்கு மாற்றினால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

அதன்பின் நடந்ததெல்லாம் எனக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. தவுக்கே செய்தியை மாணிக்கம் அண்ணனிடம் சொன்னார். காலையில் படகுத்துறையில் அப்பாவை உயிரோடு பார்த்த ஒருவர் அங்கேயே நின்றிருந்தார். வேறு ஊராக இருந்தால் அந்த இடத்தில் வதந்தி செத்திருக்கும். எங்கள் தெரு கெட்டிக்காரத் தெரு. 'நேற்று' என்று நான் சொன்னதைத் தானே திருத்திக்கொண்டது. "அப்பன்னா படகுலதான் நடந்திருக்கு. நான் பாக்கறப்பவே நெஞ்சப் புடிச்சிக்கிட்டுதான் நின்னாரு" என்றார் அவர். அப்பா சட்டைப்பையில் சில்லறை தேடியிருப்பார். மாணிக்கம் அண்ணன் பொறுப்பானவர். உடனே கடை போனிலிருந்து அப்பாவின் பழைய ஆபீசுக்கு அடித்து, அவர் இருக்கிறாரா என்று விசாரித்தார். "அவரு இப்ப இல்லியே" என்றது மறுமுனை. அங்கேதான் இல்லை என்பதை மறுமுனை சொல்லவில்லை; அண்ணனும் மேற்கொண்டு கேட்கவில்லை. அக்கரை ஆபீசின் போன் எண் யாரிடமும் இல்லை. உறுதிப்படுத்த ஒரு ஆளைப் படகில் அனுப்பிவிட்டு, கடைக் கதவைப் பாதி இழுத்து மூடினார்.

மதியம் பள்ளி விட்டு வந்தபோது படியடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தெருக்கண்ணு முழுவதும் ஒன்றாகத் திரண்டு எங்கள் வீட்டு முன்னால் நின்றது. இவ்வளவு பேரும் என்மேல் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். துணிக்கடைத் தாத்தாவின் குடையில் தண்ணீர் பிடித்தது, தவுக்கேயின் பூனைக்குச் செந்தூரம் வைத்தது என்று என் குற்றங்களையெல்லாம் மனசுக்குள் அவசரமாகப் புரட்டினேன். பூக்கார ராசாத்தி அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "என் ராசா, அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாருடா!"

சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி நண்பர்கள் சொல்வதுண்டு. அந்த நிமிடத்தைச் சிரிக்க எழுத எனக்கு இன்றுவரை கைவரவில்லை. அக்காவின் சேலையில் மல்லிகை வாசனை. அதற்குள் முகம் புதைந்து எனக்கு மூச்சு முட்டியது. அப்பா இல்லை என்றால் இரவில் முன்கதவை யார் தாழ்போடுவார்கள் என்று தோன்றியது. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்தத் தாழ் எனக்கு எட்டாது.

மேலே அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். யாரோ குத்துவிளக்கை ஏற்றி ஒரு மூலையில் வைத்திருந்தார்கள், தலைமாடு எது என்று தெரியாமல். அம்மா என்னைப் பார்த்து, "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"வாய்விட்டு அழுதுரு தாயி, அடைச்சிக்கும்" என்றார் ஒருவர்.

"ஆளக் காட்டுங்க. பாக்காம நான் அழமாட்டேன்" என்றாள் அம்மா.

"கல்லு நெஞ்சுக்காரிடி நீ!" என்றார் ராசாத்தி அக்கா, அழுதுகொண்டே. சொன்ன கையோடு என் தங்கையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறு ஊட்டப் போனார். அந்த வீட்டில் அன்று எல்லாமே அப்படித்தான் நடந்தது. அம்மா அழுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள்தான் எங்கள் வீட்டு அரிசிப் பானையில் அரிசி இருக்கிறதா என்றும் பார்த்தன. கூடத்தில் ஆண்கள், கொள்ளி வைக்க மூத்தவன் நான்தான் என்று முடிவு செய்து, மொட்டை அடிக்க ஆள் சொல்லி அனுப்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இரு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். தீக்குச்சி உரசவே பயப்படுகிறவன் நான். அப்பா, அப்பா என்று வாய்க்குள் கூப்பிட்டேன். அதைக்கூட யாராவது கேட்டு எங்காவது போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

படகில் போன ஆள் திரும்பவில்லை. வெயில் சாய்ந்தது. அப்போது கீழே ஒரு சலசலப்பு, யாரோ வீறிட்ட சத்தம். உடனே படி முனகியது. வேகமாக, இரண்டிரண்டாகத் தாவி ஏறும் கால்கள்.

"தனம்! தனலெட்சுமி!"

அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை. "இந்தா", "இங்க பாரு" என்பதோடு சரி. வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்து எங்களில் யாருக்கோ ஆகிவிட்டது என்று நினைத்து, முகமெல்லாம் வெளிறிப்போய் ஓடிவந்து நின்றார். விளக்கைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைத் தேடினார். தங்கையைத் தேடினார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

கடைசியில் மாணிக்கம் அண்ணன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்களுக்குத்தாண்ணே."

அப்போதுதான் அம்மா அழுதாள். மதியத்திலிருந்து ஊர் கேட்டுக்கொண்டிருந்த அழுகை முழுவதையும் ஒரேயடியாக அழுதாள். அப்பா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், குத்துவிளக்கை ஊதி அணைத்தார்.

பிறகு கூடத்திலேயே விசாரணை கூடியது. செய்தி ஒவ்வொரு வாயாகப் பின்னோக்கி நடந்து ஆ செங் தவுக்கேயிடம் வந்து நின்றது. அவர் கதவுக்குப் பின்னால் என்னைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்தார். "இவன்தான் லா! இவன் வாய்! அப்பா சுடா மத்தி, இவன் சொல்றான்! நான் ரொட்டி கூட கொடுக்கறேன்!"

"என்னடா சொன்ன?" என்றார் அப்பா.

அதே உச்சரிப்பில், திருத்தமாக இன்னொரு முறை சொன்னேன். முதலில் சிரித்தது அப்பாதான். அப்புறம் கூடம், அப்புறம் படி, அப்புறம் தெரு. என் மொட்டைக்கு ஆள் சொல்லப் போனவரை யாரோ ஓடிப்போய்த் திருப்பி அழைத்து வந்தார்கள். "கடைய மூட வச்சிட்டியேடா பாவி" என்று மாணிக்கம் அண்ணன் என் காதைத் திருகினார். துக்கத்துக்கு வந்தவர்களுக்காகத் தவுக்கே ஒரு பெரிய கெண்டி நிறையக் கோப்பி அனுப்பியிருந்தார். அதிலிருந்து முதல் கோப்பையை அப்பாதான் குடித்தார். "நல்லா இருக்கே, நெசமாவே போறப்பவும் இதே கடையில சொல்லுங்க" என்றார். அம்மா சிரிக்கவில்லை. ராசாத்தி அக்காவிடம் வெகுநாள் பேசவும் இல்லை, அந்த "கல்லு நெஞ்சுக்காரி"க்காக. அக்காவும் விடாமல் தினமும் கேட்காமலே ஒரு முழம் மல்லிகையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். பூ வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அம்மா சமாதானம் ஆனாள்.

இன்று அந்தத் தெருவில் கீழேயெல்லாம் கடை இருக்கிறது, மேலே குடும்பங்கள் இல்லை. வாடகை ஏற ஏற ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டு போனார்கள்; அம்மாவின் காலத்துக்குப் பின் நானும் அப்பாவோடு பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தேன். இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எனக்கு இது சொர்க்கம் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து, "ஒருத்தன்கூட வரமாட்டேங்கிறானேடா" என்று அப்பாதான் சொல்லிக்கொண்டிருப்பார். போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அங்கிருந்தே நேராக எடுத்துப் போனோம். கைபேசியில் கைகூப்பிய படங்கள் நிறைய வந்தன. வந்தவர்களின் கார்களுக்கு இடம் போதுமானதாக இருந்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் லிப்டில் எங்கள் மாடிக்காரத் தம்பி ஒருவர், ஏதோ பேக்டரியில் என்ஜினியர், காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு அன்பாகக் கேட்டார்: "அண்ணே, அங்கிள் சுகமா? பால்கனியில காணவே காணோமே?"

வாய் திறந்தேன். எந்த மொழியிலும் அதைச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. "சுகம், தம்பி" என்றேன். "சொல்லுங்க லா, கேட்டேன்னு" என்றபடி அவர் இறங்கிப் போனார்.

அவர் வீட்டிலாவது அப்பா உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும்.