தெருவைக் கடந்த கல்

இன்று காலை எங்கள் வார்டு மெம்பர் ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தார். போன தேர்தலுக்குப் பிறகு இதுதான் முதல் வருகை.

அம்மா அப்போதுதான் ஊரோரம் ஓடும் புழையிலிருந்து இரண்டாவது குடம் தண்ணீரைச் சுமந்து வந்து இறக்கியிருந்தாள். "ஏனுங்க, இந்தத் தெருவுக்கு ஒரு குழாய் வருமுங்களா?" என்று கேட்டாள்.

"வராம எங்க போவுதுங்க? இங்கயே வெச்சிரலாம்." உடன் வந்த குமாஸ்தாவிடம், எங்கள் வாசலோரம் அடையாளத்துக்கு ஒரு கல்லை வைக்கச் சொன்னார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

நான் கேட்டேன்: "போன மாசம் வார்டு எல்லைய மாத்தி நகரசபையில தீர்மானம் போட்டீங்களே, அதுல என்னங்க இருக்குது?"

"அதெல்லாம் சட்டம், அம்மிணி. உங்களுக்கு எதுக்குங்க அந்தத் தொல்லை? நாந்தான் கை தூக்கிட்டனே."

நகரசபைச் சுவரில் ஒட்டியிருந்ததை நான் படித்திருந்தேன். "இனிமே தெருவுக்கு இந்தப் பக்கம் நாலாம் வார்டுங்க. எங்க ஓட்டு உங்க பெட்டியில விழாதுங்க."

குமாஸ்தா வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். எங்கள் பெயர்கள் அதில் இல்லை.

மெம்பர் அம்மா கொடுத்த காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு எதிர்வரிசையைப் பார்த்து, "குழாய்க்கு அந்தப் பக்கந்தான் வாட்டமுங்க" என்றார். குமாஸ்தா கல்லைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"நீ வாய மூடிட்டு இருந்திருந்தா கல்லாவது நம்ம வாசல்ல இருந்திருக்கும்" என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள்.

நாலாம் வார்டு வேட்பாளர் இதுவரை வரவில்லை. அவருக்காக ஒரு கல்லைத் தேடி வாசலில் வைத்திருக்கிறேன்.

தான் கை தூக்கிய தீர்மானத்தைப் படித்துப் பார்த்த மெம்பர் யாராவது உங்கள் ஊரில் உண்டா? இருந்தால் எழுதுங்கள். எங்கள் தெருவுக்கு இரவல் கேட்கலாம்.