தறி நின்ற வாரம்

குமாரபாளையத்துக்கு வெளியே, சோளக்காட்டுக்குள் தனியாக நிற்கும் வீடு எங்களுடையது. விசைத்தறிக்கும் நான் படிக்கும் மேசைக்கும் நடுவே சுவர் கிடையாது. தறி ஓடினால் வீட்டில் யாரோடு பேசுவதென்றாலும் கத்தத்தான் வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் சர்வீஸ் கமிஷன் தேர்வுக்குப் படித்தேன். குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்து தறி நின்றால், எழுந்துபோய் நூல் சுற்றிய வேறு தார் மாட்டிவிட்டு வந்து, விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வேன். நர்மதை, தபதி, மாஹி, சபர்மதி. உதடு அசையும், என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் படித்தது ஒன்றும் மறக்காது.

போன தடவை ஒரேயொரு கேள்வியில் கோட்டை விட்டிருந்தேன். இந்த முறையும் தேறாவிட்டால் திருச்செங்கோட்டு மாப்பிள்ளைக்குச் சரி சொல்கிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். என் வாயை நானே கட்டிப்போட்டிருக்க வேண்டும். அம்மா அதைத் தினமும் காப்பியோடு சேர்த்து ஞாபகப்படுத்தினாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா மோட்டாரை அணைத்தார்.

"பரீட்சை முடியற வரைக்கும் தறி ஓடாது சாமி. நீ நிம்மதியாப் படி."

புத்தகத்தைத் திறந்தேன். அம்மா வெங்காயம் நறுக்குவது கேட்டது. கடிகார முள் நகர்வது கேட்டது. "துணி எப்பய்யா வரும்?" என்று நூல் கொடுக்கும் முதலாளி போனில் அப்பாவைத் திட்டுவதும் கேட்டது. புத்தகத்தில் இருப்பது மட்டும் மண்டைக்குள் போகவில்லை. நர்மதைக்கு அடுத்து என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழித்தேன். மறுநாளும் அதே கதைதான். அப்பாவோ செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் பூனை மாதிரி நடந்தார். அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம், அந்தப் பாழாய்ப்போன அமைதி மேல் அதைவிடக் கோபம்.

அதற்கடுத்த நாள் காலை, அப்பா தோட்டத்துப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து சுவிட்சைத் தட்டினேன். டடக் டடக் என்று வீடே அதிர்ந்தது. புத்தகத்தை எடுத்தேன். ஆறுகள், கணவாய்கள், அரச வம்சங்கள், எல்லாம் கடகடவென்று வந்தன. அப்பாடா என்று இருந்தது.

அப்பா ஓடி வந்தார்.

"ஏஞ்சாமி, உனக்காவத்தான நிறுத்துனேன்!" என்று கத்தினார்.

"தெரியுமுங்கப்பா! சத்தம் இல்லாட்டி மண்டையில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது! தறிய ஓட்டுங்கப்பா!" என்று நானும் கத்தினேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, கையைக் குவித்து என் காதோரம் கேட்டார்:

"அப்ப பரீட்சை எழுதற எடத்துல என்ன பண்ணுவ சாமி? அங்க தறி ஓடாதே?"

இத்தனை மாதத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. போன தடவை எப்படித் தோற்றேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

நானே போய் மோட்டாரை அணைத்தேன்.