கால் பங்கு சோறும் ஒரு கைப்பிடி விதையும்

வீடு வீடாகப் போய் பி.பி. பார்க்கிற வேலையில் தினமும் காதில் விழும் முதல் பொய், “நாங்க உப்பே சேத்துக்கிறதில்லம்மா” என்பதுதான். சொல்லும்போதே அடுப்படியிலிருந்து கருவாட்டு வாசனை வரும். வீட்டில் ஒரு பி.பி. ஆளை வைத்துக்கொண்டு சமைத்துப் போடும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விருத்தாசலத்தில் சிராமிக் யூனிட்டுகளை ஒட்டிய தெருக்கள் என் பொறுப்பு. அங்கே எனக்குப் பெயர் ‘பி.பி. அக்கா’. அந்தத் தெருக்களில் என்னை அதிகம் படுத்தியவர் வீரமுத்து அண்ணன். பொம்மை யூனிட் ஒன்றில் இருபத்தைந்து வருடமாக அச்சு மாஸ்டர். போன வருடம் நெஞ்சு வலி வந்து, பாண்டிச்சேரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இங்கே அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: மூன்று மாதத்தில் பி.பி.யும் கெட்ட கொழுப்பும் இறங்கினால்தான் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். மண்ணில் கை வைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தாங்காத மனுஷன் அவர். அந்த மூன்று மாதத்தில் நடந்தவைதான் இவை.

முழுசாக ஒரு ஸ்பூன்

இரத்தக் குழாய்க்கு ஆளி விதை நல்லது என்று டாக்டரம்மா சொன்னதை அண்ணனின் மனைவி அஞ்சலை அண்ணி அப்படியே பிடித்துக்கொண்டார். காலையில் ஒரு ஸ்பூன் விதையை வாயில் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரையும் கொடுத்துவிடுவார். இரண்டு வாரம் இப்படியே போனது.

வறுத்துப் பொடி செய்யாமல் விழுங்கினால் போன வழியே முழுசாக வெளியே வந்துவிடும், உடம்பில் ஒன்றும் சேராது என்று நான் சொன்னதும் அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. அண்ணனுக்கோ கொண்டாட்டம். மூன்று மாதத்தில் பதினைந்து நாள் வீணாய்ப் போன கவலைகூட இல்லாமல் சிரித்தார். “அச்சுல ஊத்துற மண்ணையே அரைச்சு, சலிச்சு, அப்புறந்தான் ஊத்துறோம். எனக்கு மட்டும் முழுசா குடுத்துருக்கா பாரு தங்கச்சி.”

ஹார்ட் போண்டா

அண்ணனின் விதைப் பேச்சு தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டது. கடைக்காரர் செல்வராசு ஒரு நாள் போண்டா மாவில் பூசணி விதையையும் எள்ளையும் கலந்து போட்டு, கண்ணாடிப் பெட்டியில் தனித் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். பெயர் ‘ஹார்ட் போண்டா’. முதல் போணி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. வாயில் பாதியும் கையில் பாதியுமாகத்தான் அண்ணனைப் பிடித்தேன்.

காலையில் காய்ந்த எண்ணெயையே சாயங்காலமும் காய்ச்சிப் பொரிக்கிறீர்கள், அதில் விதை போட்டால் மட்டும் நெஞ்சுக்கு நல்லதாகிவிடுமா என்று செல்வராசுவிடம் சண்டைக்கே போனேன். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “எண்ண கெடுக்கும், வெத காப்பாத்தும். ரெண்டும் உள்ள போயி பேசித் தீத்துக்கட்டுமே, நாம எதுக்குக்கா நடுவுல?”

யார் கை?

போண்டா நின்றது. அதற்குப் பதிலாக சாயங்காலம் ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்), இல்லாவிட்டால் வறுத்த பூசணி விதை என்று முடிவானது. உப்பு கிடையாது. அடுத்த முறை போய் எடை பார்த்தால் அண்ணன் ஏறியிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் டப்பாவுக்குள் கையை விட்டபோதுதான் விளங்கியது. இருபத்தைந்து வருடம் மண் பிசைந்த கை. வெளியே வரும்போது டப்பாவில் பாதியும் கூடவே வந்தது.

நல்ல கொழுப்பாக இருந்தாலும் அளவு மீறினால் எடை ஏறும் என்று சொல்லி, இனிமேல் அண்ணி கையால்தான் அளக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணி தன் சின்னக் கையை விரித்துக் காட்டிச் சிரித்தார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கல்யாணத்துல புடிக்கும்போது இந்தக் கை இவ்ளோ சின்னதுன்னு யாரும் சொல்லல தங்கச்சி.”

மாத்திரைக்கு லீவு

இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா கொடுத்த கெடுவில் பாதி கழிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தால் பி.பி. எகிறிக் கிடந்தது. மறுபடி பார்த்தேன், அதேதான். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினால் ஆறு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. விதை சாப்பிட்டால் அடைப்பு தானே கரைந்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்று போனில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. விதை மாத்திரைக்குத் துணைதான், அதன் வேலையை இது செய்யாது, இப்படி நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம். டாக்டரம்மாவும் தன் பங்குக்குத் திட்டி, மாத்திரையைத் தொடர வைத்து அனுப்பினார். அண்ணன் தலையைக் குனிந்தபடியே வந்தார். வீட்டு வாசலில் நின்று அண்ணி கேட்டார். “நெஞ்சுல இருந்த அடைப்ப எடுக்க பாண்டி வரைக்கும் போனோம். கையில இருக்கிற போன எடுக்க எங்க போறது?”

தட்டு

அதற்குப் பிறகு அண்ணன் நிஜமாகவே பயந்துவிட்டார். வேலை போய்விடும் என்ற பயம்தான் பெரிது. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ இருக்க வேண்டும் என்று நான் நோட்டில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தேன். அதைக் கிழித்து வாங்கிக்கொண்டார். யூனிட்டிலிருந்து கொஞ்சம் மண் வரவழைத்து, வீட்டிலேயே உட்கார்ந்து, மூன்று தடுப்பு வைத்து ஒரு தட்டு செய்து, யூனிட் பொம்மைகளோடு சூளையில் வைத்துச் சுட்டு வாங்கினார். பால் வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு. பார்க்கவே அவ்வளவு அழகு.

சோற்றைப் போட்டபோதுதான் சங்கதி தெரிந்தது. சோற்றுப் பங்கு ஏறக்குறைய அரைத் தட்டை அடைத்துக்கொண்டிருந்தது. கீரைக்கு விரல் வைக்கத்தான் இடம். என்ன அண்ணே இது என்றேன். மண் சூளையில் சுருங்குமே, அதற்காகக் கொஞ்சம் சேர்த்து வைத்தேன், இந்த மண் சரியாகச் சுருங்கவில்லை என்று மண்மேல் பழியைப் போட்டார். மற்ற இரண்டு பங்கும் ஒழுங்காகச் சுருங்கியிருந்தன. அண்ணி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இருபத்தஞ்சு வருசமா ஒரு பொம்மைக்குக்கூட சுருக்கக் கணக்கு தப்புனதில்ல இந்த மனுசனுக்கு. சோத்துக்குன்னதும் தப்பிப் போச்சாம்.”

கெடு முடிந்த நாள்

இரண்டாவது தட்டை அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்தார். அதில் எல்லாம் அளவாக இருந்தது. அந்தத் தட்டு, மாத்திரை, காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடை, அண்ணியின் கையளவு மல்லாட்டை என்று மிச்ச நாளும் ஓடின.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டியபோது, ரிசல்ட் எனக்குத்தான் என்பதுபோல என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பி.பி. இறங்கியிருந்தது. கெட்ட கொழுப்பும் இறங்கியிருந்தது. சூளைச் சூட்டுப் பக்கம் இப்போதைக்குப் போகக் கூடாது, அச்சு வேலைக்குத் திங்கட்கிழமையே போகலாம், மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான். விதையா, மாத்திரையா, நடையா, எது வேலை செய்தது என்று டாக்டரம்மா அண்ணனைக் கேட்டார். “எல்லாந்தான் டாக்டரம்மா. ஆனா அளவு பூரா இவ அளவு. தட்டு செஞ்சது மட்டுந்தான் நானு.”

என் கை

அண்ணன் வேலைக்குப் போன மறுவாரம், அஞ்சலை அண்ணி மெஷினைப் பிடுங்கி என் கையில் பட்டையைச் சுற்றிவிட்டார். பக்கத்தில் இருந்து பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார். ஏறியிருந்தது. இன்னும் இரண்டு நாள் வந்து பார்த்தார், இறங்கவில்லை. வீட்டுக்கு வீடு சர்க்கரை தூக்கலாக டீ, கூடவே முறுக்கு; எட்டு வருடமாக எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை நான். அதைக் கேட்டு அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு வூட்டுக்காரங்க கோச்சுக்குவாங்கன்னு ஊரு வூட்டு டீ பூரா குடிச்சிருக்கியே தங்கச்சி.”

இப்போது என் வீட்டிலும் நீலக் கோடு போட்ட தட்டு ஒன்று இருக்கிறது. எனக்காகவாவது வீரமுத்து அண்ணன் அந்தச் சோற்றுப் பங்கில் கொஞ்சம் கணக்குத் தப்பியிருக்கலாம்.